கவர் லெட்டர்: குமரி மாவட்டப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனத்தின் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்துப் பிரிப்பதுதான் என் வேலை. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தக்கலைப் பக்கம் ஒரு நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வேலை தேடும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். நாகர்கோவில், குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். முதலில் இருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

கவர் லெட்டர்ணா என்ன அக்கா? பயோடேட்டா குடுத்தா போதாதா?

பயோடேட்டா உங்களைப் பற்றிய பட்டியல். படிப்பு, மதிப்பெண், வேலை பார்த்த இடம், தெரிந்த மென்பொருள் எல்லாம் அதில் இருக்கும். அதைப் பத்து இடத்துக்கு அப்படியே அனுப்பலாம். கவர் லெட்டர் ஒரே ஒரு வேலைக்காக, ஒரே ஒரு இடத்துக்கு எழுதும் கடிதம். அங்கே உட்கார்ந்திருப்பவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: "இந்த ஆளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாமா?" அதற்கான பதிலை அவர் கையில் கொடுப்பதுதான் இந்தக் கடிதம்.

வேலையை வாங்கித் தருவது கடிதத்தின் பொறுப்பு இல்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட வைத்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால், உங்கள் வாழ்க்கை முழுவதையும் அதில் சொல்லித் தீர்க்க வேண்டும் என்ற பதற்றம் போய்விடும்.

எல்லா வேலைக்கும் இது வேணுமா?

வேண்டாம். டிஎன்பிஎஸ்சி, சீருடைப் பணியாளர் தேர்வு, வங்கித் தேர்வு போன்றவற்றுக்கு ஆன்லைன் படிவம்தான். கடிதம் எழுத அங்கே இடமே இல்லை. கோணத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் துறை முகாமுக்குப் போனால் பயோடேட்டா நகல்களும் சான்றிதழ் நகல்களும் போதும். அங்கே நேரில் பார்த்துத்தான் பேசுவார்கள். பெரிய ஐடி கம்பெனிகளின் கேம்பஸ் தேர்விலும் பெரும்பாலும் கேட்பதில்லை.

மெயிலில் விண்ணப்பிக்கச் சொல்லும் இடம் என்றால் எழுதுங்கள். திருவனந்தபுரத்து ஐடி வளாகமான டெக்னோபார்க்கில் இருக்கும் சிறிய கம்பெனிகள், தனியார் பள்ளி கல்லூரிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், கன்னியாகுமரி ஓட்டல்கள், வெளிநாட்டு வேலைகள் எல்லாம் இதில் வரும். "விருப்பப்பட்டால் இணைக்கலாம்" என்று போட்டிருந்தாலும் இணையுங்கள். சிறிய நிறுவனத்தில் முதலாளியோ மேலாளரோ தானே உட்கார்ந்து படிப்பார். நல்ல கடிதம் அங்கேதான் அதிகம் எடுபடும்.

எவ்வளவு நீளம் இருக்கணும்?

ஒரு பக்கம். ஆங்கிலத்தில் என்றால் 250 முதல் 350 வார்த்தைகள், மூன்று அல்லது நான்கு பத்திகள். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் எழுத்தைச் சிறியதாக்காதீர்கள், விஷயத்தைக் குறையுங்கள்.

'ரெஸ்பெக்டட் சார்'ணு ஆரம்பிக்கலாமா? பேரு தெரியலண்ணா யாருக்குண்ணு எழுத?

முதலில் பெயரைத் தேடுங்கள். விளம்பரத்தின் கடைசி வரி, நிறுவனத்தின் இணையதளம், லிங்க்ட்இன் மூன்றையும் பார்த்தால் பல சமயம் கிடைத்துவிடும். அலுவலகத்துக்குப் போன் செய்து, "விண்ணப்பத்தை யார் பெயருக்கு அனுப்பணும்?" என்று கேட்பதிலும் தப்பில்லை. பெயர் கிடைத்தால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் பதவியைச் சொல்லி எழுதுங்கள். கம்பெனிக்கு "டியர் ஹயரிங் மேனேஜர்" போதும். நம் மாவட்டத்தில் தனியார் நிர்வாகம் நடத்தும் பள்ளிகள் நிறைய. அங்கே ஆசிரியர் வேலைக்குப் பெரும்பாலும் தாளாளர் பெயருக்குத்தான் விண்ணப்பம் போகும், தலைமை ஆசிரியர் பெயருக்கு அல்ல. இதையும் போன் செய்தே உறுதி செய்துகொள்ளலாம்.

"ரெஸ்பெக்டட் சார்" பெரிய குற்றம் இல்லை. ஆனால் படிப்பவர் பெண்ணாக இருந்தால்? நான் இருந்த பிரிவில் எல்லோரும் பெண்கள்தான். பெரும்பாலும் 'சார்' என்றுதான் கடிதம் வரும். அதற்காக யாரையும் ஒதுக்கியதில்லை. என்றாலும் 'மேடம்' என்று சரியாக எழுதி வந்த கடிதத்தைப் பார்த்ததும், இந்தப் பிள்ளை விசாரித்து எழுதியிருக்கிறது என்று தோன்றும்.

முதல் பத்தியில என்னத்த எழுத?

எந்த வேலை, அந்த அறிவிப்பை எங்கே பார்த்தீர்கள், உங்களிடம் இருக்கும் மிகப் பொருத்தமான ஒரு விஷயம் எது. இந்த மூன்றும் இரண்டு மூன்று வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். நிறையப் பேர் "என் பெயர் இன்னது, நான் இந்த ஊரைச் சேர்ந்தவன், இந்தக் கல்லூரியில் படித்தேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிய பழக்கம் அது. பெயரும் ஊரும் பயோடேட்டாவின் தலையிலேயே இருக்கிறதே.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்கு ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்த ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று ஆரம்பித்தால் அதை யாரும் எழுதலாம். "எலக்ட்ரீஷியன் பயிற்சி முடித்தபின் ஒரு வருடமாகக் கைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை பார்க்கிறேன். பாதுகாப்பு பெல்ட்டும் கயிறும் சரிபார்க்காமல் ஒரு நாளும் ஏறியதில்லை" என்று ஆரம்பித்தால்? காற்றாலை வைத்திருப்பவருக்கு முதல் கவலையே உயரம்தான். அந்தக் கவலைக்கு முதல் வரியிலேயே பதில் வந்துவிட்டது.

விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அவர்கள் கேட்கும் தகுதிகளில் எது முதலில் வருகிறது, எது இரண்டு தடவை வருகிறது என்று கோடு போடுங்கள். உங்கள் முதல் பத்தி அதைத் தொட வேண்டும்.

நான் இப்பதான் படிச்சு முடிச்சேன். அனுபவமே இல்லியே அக்கா, என்ன எழுத?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். "ஒண்ணும் செய்யல" என்று சொல்கிற பிள்ளையிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவோ வெளியே வரும். தோவாளைச் சந்தையில் அப்பாவின் பூக்கடையில் விடியற்காலையில் நின்று, ஓணம் சமயத்தில் கேரளாவுக்குப் போகும் லோடுகளுக்குக் கணக்கு எழுதியிருப்பான். கன்னியாகுமரியில் மாமாவின் சங்குக் கடையில் நின்றே இந்தி பேசக் கற்றிருப்பான். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு மூன்று வருடம் ட்யூஷன் எடுத்திருப்பாள். இதெல்லாம் வேலை இல்லை, வீட்டுக் காரியம் என்று நினைத்து ஒளித்து வைத்துவிடுகிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத வேலையும் வேலைதான். ஓட்டலின் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடுகிறவருக்கு, வடநாட்டுப் பயணிகளிடம் கூச்சமில்லாமல் இந்தியில் பேசும் பையன் எவ்வளவு உபயோகம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேதியியல் படித்த ஒரு பெண் லேட்டக்ஸ் கையுறை செய்யும் தொழிற்சாலையின் தரப் பரிசோதனை வேலைக்கு எழுத வந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் செய்ததை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தாள். வீட்டில் ரப்பர் தோட்டம் உண்டா என்று கேட்டேன். உண்டு. பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, ஒட்டுப்பாலைத் தனியாகப் பிரிப்பது வரை சின்ன வயதிலிருந்தே செய்கிறாள். அந்த ஆசிட் ஃபார்மிக் அமிலம் என்பதும், பாலில் உலர் ரப்பர் சுமார் 30 முதல் 40 சதவீதம்தான் என்பதும், மழை நாளில் தண்ணீர் கலந்தால் அது இறங்கும் என்பதும் அவளுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். தொழிற்சாலையில் அவள் அளக்கப் போவதும் அதைத்தான்! இதை நான்கு வரியில் எழுதியபிறகு கடிதம் வேறு ஒன்றாகிவிட்டது.

உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது: யாராவது என்னை நம்பி எதை ஒப்படைத்தார்கள்? பணமா, குழந்தைகளா, கணக்கா, கூட்டத்தைச் சமாளிப்பதா? அதை எப்படிச் செய்தேன்? என்ன ஆனது? கல்லூரி புராஜெக்ட், நாட்டு நலப்பணித் திட்ட முகாம், நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி எல்லாவற்றையும் இதே கேள்வியால் சலியுங்கள். பயிற்சியின் பெயரை மட்டும் சொன்னால் பயோடேட்டா வரி. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று சொன்னால் கவர் லெட்டர் வரி.

ஒரு மாதிரி காட்டுங்களேன், பாத்து எழுதிக்கிடுதேன்.

காட்டுகிறேன், ஆனால் பார்த்து எழுத வேண்டாம், அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்தில் ரப்பர் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு உதவியாளர் தேவை என்று வைத்து, குளச்சலில் பி.காம். முடித்த ஒரு பெண் எழுதுவதாக நான் அமைத்தது இது. தமிழில் தருகிறேன். ஆங்கிலத்திலும் இதே ஓட்டம்தான்.

> மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> நாளிதழில் நீங்கள் அறிவித்திருக்கும் கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தினமும் பல பேரிடம் ரொக்கமாகவும் கடனாகவும் கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடத்தில் தவறாமல் கணக்கு எழுதுவது எனக்குப் பழக்கமான வேலை.
>
> எங்கள் விசைப்படகின் கணக்கை 3 வருடமாக நான் எழுதி வருகிறேன். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, ஏலத்தில் மீன் போன விலை, தொழிலாளர் பங்கு எல்லாவற்றையும் எழுதி, பங்கு பிரிக்கும் முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். நோட்டில் எழுதி வந்ததை எக்செல்லுக்கு மாற்றினேன். இரண்டு நாள் எடுத்த கணக்கு இப்போது படகு வந்த அன்றே முடிகிறது.
>
> டேலி பிரைம் படித்திருக்கிறேன். ஜிஎஸ்டி விவரங்களைப் பயிற்சியில் தயாரித்திருக்கிறேன், நேரடியாகத் தாக்கல் செய்ததில்லை. உங்களிடம் சிறு விவசாயிகள் பல பேர் ரப்பர் தருவதாக அறிந்தேன். அவர்கள் ஒவ்வொருவரின் கணக்கையும் கேட்ட நேரத்தில் எடுத்துக் காட்டும்படி வைத்திருக்க என்னால் முடியும்.
>
> பயோடேட்டா இணைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்.

இதில் 'கடின உழைப்பு' என்ற சொல்லே இல்லை, ஆனாலும் உழைப்பு தெரிகிறது. தெரியாததை ஒரு வரியில் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் மற்ற வரிகளின் மேல் நம்பிக்கை கூடுகிறது. மூன்றாம் பத்தியில் அந்த நிறுவனத்தைப் பற்றி விசாரித்திருக்கிறாள். எனக்குப் பிடித்தது, வாசித்துக் காட்டும் வரி. பத்துப் பேர் முன்னால் கணக்கை வாசிக்கிறவள் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுவாள் என்று படிப்பவருக்கே புரிந்துவிடும்.

வீட்டுக் கஷ்டத்த எழுதலாமா? உள்ளதுதான அக்கா.

உள்ளதுதான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறவர், தங்கையின் படிப்புக் கடன் நிற்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் அதை வைக்காதீர்கள். படிப்பவர் முன்னால் கஷ்டப்படும் பிள்ளைகளின் கடிதங்கள் நிறையவே கிடக்கும். யாருக்கு அதிகக் கஷ்டம் என்று பார்த்து அவரால் வேலை கொடுக்க முடியாது. யாரால் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றுதான் பார்த்தாக வேண்டும். இரக்கத்தைக் கேட்கும் வரி, உங்கள் திறமையைச் சொல்ல வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். அப்புறம், "எந்தச் சம்பளமானாலும் சரி" என்று எழுதிக் கொடுத்தால் அப்படித்தான் தருவார்கள்.

அதே வாழ்க்கையில் உங்கள் பொறுப்பு எங்கே இருந்தது என்று பாருங்கள். "அப்பா இறந்துவிட்டதால் குடும்பம் சிரமத்தில் இருக்கிறது" என்பதற்குப் பதிலாக, "படித்துக்கொண்டே 2 வருடம் எங்கள் மளிகைக் கடையை நடத்தினேன். கொள்முதல், கடன் வசூல் இரண்டும் என் பொறுப்பு" என்று எழுதலாம். இரண்டும் உண்மைதான். இரண்டாவது உங்களை நிமிர்ந்து நிற்க வைக்கிறது.

பயோடேட்டால உள்ளதையே கொஞ்சம் விரிச்சு எழுதினா போதுமா?

போதாது. மதிப்பெண்ணையும் கல்லூரிப் பெயரையும் திரும்பச் சொல்வதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. பயோடேட்டாவில் இருக்கும் பத்து வரிகளில் இந்த வேலைக்குப் பொருந்தும் ஒன்று அல்லது இரண்டை மட்டும் எடுத்து, அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லுங்கள். மேலே மாதிரியில் படகுக் கணக்கு வந்த விதத்தைப் பாருங்கள்.

அப்பா பெயர், மதம், சாதி, திருமண விவரம், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற வரி ஆகியவை கடிதத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏதாவது நிர்வாகம் தன் படிவத்தில் கேட்டால் அந்தப் படிவத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

ரெண்டு வருஷம் குரூப் ஃபோருக்குப் படிச்சுட்டு வீட்ல இருந்தேன். அத மறைக்கணுமா?

மறைக்க முடியாது, பயோடேட்டாவில் வருட இடைவெளி தெரியும். ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். ஆனால் இங்கே முதலாளியின் பயம் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. அடுத்த தேர்வு முடிவு வந்ததும் போய்விடுவீர்களோ என்பதுதான் பயம். தேர்வை விட்டுவிட்டீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள்: "2 வருடம் போட்டித் தேர்வுகளுக்குப் படித்தேன். இனி கணக்குத் துறையிலேயே தொடர்வதென்று முடிவு செய்து, கடந்த 4 மாதமாக டேலி பயின்று வருகிறேன்." விடவில்லை என்றால் இப்படி எழுதாதீர்கள். பொய்யாகிவிடும்.

கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கும் இதே வழிதான். "குழந்தை வளர்ப்புக்காக 4 வருடம் இடைவெளி எடுத்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்" என்பது போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அரியர் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்றால் அதைப் பற்றிப் பேச்சே தேவையில்லை. இன்னும் நிற்கிறது, விளம்பரத்திலும் அரியர் கூடாது என்று போட்டிருக்கிறது என்றால் அதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்க்கும்போது எப்படியும் நின்றுவிடும்.

தமிழ்ல எழுதணுமா இங்கிலீஷ்லயா?

விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில். டெக்னோபார்க், பெரிய மருத்துவமனை, வெளிநாடு எல்லாவற்றுக்கும் ஆங்கிலம். தமிழ்வழிப் பள்ளி, உள்ளூர் கடை, கூட்டுறவுச் சங்கம், பத்திரிகை என்றால் தமிழில் எழுதலாம். தமிழில் எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், 'இப்படிக்கு' என்ற வழக்கமான அமைப்பு அப்படியே இருக்கட்டும். உள்ளே சொல்லும் விஷயம் மட்டும் மேலே சொன்னபடி மாறட்டும்.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். "கைண்ட்லி டு த நீட்ஃபுல்" மாதிரி மனப்பாட வரிகளை விட, இலக்கணம் சரியான எளிய வாக்கியம் எவ்வளவோ மேல்.

சாட்ஜிபிடில போட்டா ரெண்டு நிமிஷத்துல தருதே. அதையே அனுப்பட்டா?

அப்படியே அனுப்பாதீர்கள். ரப்பர் பாலும் படகுக் கணக்கும் அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்லாததால் அது பொதுவான பெருமைகளை அழகான ஆங்கிலத்தில் அடுக்கித் தரும். அதே வேலைக்கு விண்ணப்பிக்கும் இன்னும் இருபது பேரும் அதையே வாங்கியிருப்பார்கள். கடிதத்தில் இருக்கும் ஆங்கிலமும் இன்டர்வியூவில் பேசும் ஆங்கிலமும் ரொம்ப விலகிப் போனால் அதுவும் சங்கடம்.

பயன்படுத்த நல்ல வழி உண்டு. முதலில் நீங்கள் செய்ததைத் தமிழில், உங்கள் சொல்லில், முழுதாக எழுதுங்கள். அப்புறம் அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். வந்ததை வரி வரியாகப் படியுங்கள். அர்த்தம் தெரியாத சொல் ஒன்று இருந்தாலும் எடுத்துவிட்டு, தெரிந்த சொல்லைப் போடுங்கள்.

திருவனந்தபுரத்துக் கம்பெனிக்கு எழுதும்போ தினமும் வீட்ல இருந்து வருவேன்ணு சொல்லலாமா?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம் நகரத்தையும் தாண்டி வடக்கே இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் உள்ளவர்களுக்குத் தூரம் குறைவு. தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஆள் எடுப்பவர், இவருக்கு ரயில் நேரம்தான் வேலை நேரமாகிவிடுமோ என்று யோசிப்பார். அதனால் பயணத்தைப் பற்றி எழுதாதீர்கள். பக்கத்தில் தங்கத் தயார் என்பது உண்மையானால், "கழக்கூட்டம் பக்கமே தங்கிக்கொள்வேன், ஷிப்ட் வேலைக்கும் தயார்" என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி போடுங்கள்.

மலையாளம் தெரியும் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டிலேயே இரண்டு மொழியும் புழங்கும். அதனாலேயே பிள்ளைகள் அதை ஒரு தகுதியாக நினைப்பதில்லை. வாடிக்கையாளரோடு பேசும் எந்த வேலைக்கும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்த ஆள் கிடைப்பது பெரிய விஷயம். படிக்கவும் எழுதவும் வருமா, பேச மட்டுமா என்று தெளிவாக எழுதுங்கள்.

எங்க சித்தப்பா அங்கதான் வேல பாக்காரு. அவரு பேர எழுதலாமா?

அவரிடம் கேட்டுவிட்டு எழுதலாம். அவர் அங்கே வேலை செய்கிறவர், உங்கள் வேலையைப் பார்த்தவர் என்றால் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: "உங்கள் நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் இருக்கும் இன்னார் மூலம் இந்தப் பணியிடம் பற்றி அறிந்தேன்." அதற்குமேல் வேண்டாம். பங்குத்தந்தை, போதகர், கட்சிக்காரர் பெயரை அழுத்தம் கொடுப்பதற்காகப் போட்டால், கொடுக்க நினைத்தவருக்கும் மனம் சுருங்கிவிடும். பங்குத்தந்தை உங்களை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்த வைத்து, பொறுப்பைப் பார்த்தவர் என்றால், விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவர் என்று அவர் பெயரைப் பயோடேட்டாவின் கீழே, அவர் அனுமதியோடு கொடுங்கள்.

சம்பளம் எவ்வளவு வேணும்ணு எழுதணுமா?

கேட்டால் மட்டும். கேட்டிருந்தால், அதே வேலைக்கு அதே ஊரில் என்ன தருகிறார்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, இவ்வளவில் இருந்து இவ்வளவு வரை, பேசிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். கேட்காத இடத்தில் சம்பளப் பேச்சை எடுக்க வேண்டாம்.

நர்சிங் முடிச்சிருக்கேன். வெளிநாட்டுக்கு எழுதணும்ணா வேற மாதிரியா?

அமைப்பு அதேதான், விவரம் கூர்மையாக வேண்டும். 'இரண்டு வருட அனுபவம்' என்று நிறுத்தாதீர்கள். எந்த வார்டு, எத்தனை படுக்கை, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள், எந்தக் கருவிகளைக் கையாண்டீர்கள் என்று எழுதுங்கள். தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சில் பதிவு இருக்கிறதா, வளைகுடா என்றால் ப்ரோமெட்ரிக் என்ற உரிமத் தேர்வும் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் எந்த நிலையில் இருக்கின்றன, பிரிட்டன் என்றால் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் என்ன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் விண்ணப்பத்தில் கவர் லெட்டருக்குப் பதிலாக, தகுதியை விளக்கி எழுத ஒரு பகுதி இருக்கும். வேலை அறிவிப்போடு அவர்கள் தரும் தகுதிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு விஷயத்தைச் சொல்லி அதை நிரப்ப வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கடிதம் அனுப்பிய மறுநாளே இன்டர்வியூ இல்லாமல் வேலை உறுதி என்று பதில் வந்து, பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள். நகையை அடகு வைக்கும் முன் இவ்வளவையும் செய்யுங்கள், தயவுசெய்து.

மெயில்ல எப்பிடி அனுப்ப? லெட்டர மெயிலுக்குள்ள எழுதணுமா, தனியா சேக்கணுமா?

விளம்பரம் சொன்னபடி செய்யுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் கடிதத்தை மெயிலிலேயே எழுதி, பயோடேட்டாவை மட்டும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். இரண்டையும் இணைப்பாக அனுப்பினால் மெயில் காலியாக இருக்கக் கூடாது. எந்த வேலை, என்ன இணைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு வரி போடுங்கள். மெயிலின் தலைப்பில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் வரட்டும். கோப்புக்கும் உங்கள் பெயரையே வையுங்கள். டிடிபி சென்டரில் சேமித்த 'நியூ பயோடேட்டா ஃபைனல் 2' என்ற பெயரில் வந்த கோப்பை அப்புறம் தேடி எடுக்க முடியாது.

பழைய கடிதத்தைத் திறந்து நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும்போது, ஓரிடத்தில் பழைய பெயர் தங்கிவிடும். இது அடிக்கடி நடக்கும். அப்படி வந்த கடிதத்தை மேற்கொண்டு படிக்க மனம் வராது. அனுப்பும் முன் பழைய பெயரைத் தேடும் வசதியில் போட்டு ஒருதடவை தேடிப் பாருங்கள்.

அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்ல. திருப்பிக் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். கடைசித் தேதி முடிந்து ஒரு வாரம், பத்து நாள் விட்டு, அதே மெயிலுக்குக் கீழே மூன்று வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், இன்னும் ஆர்வம் இருக்கிறது, வேறு விவரம் தேவையா. ஒருதடவை போதும். வாட்ஸப்பில் காலையும் மாலையும் 'சார் எனி அப்டேட்' போடாதீர்கள். இதற்கிடையில் அடுத்த விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

கொஞ்சம் கூட்டிப் போட்டா யாருக்குத் தெரியும்?

இன்டர்வியூவில் முதல் கேள்வியே உங்கள் கடிதத்தில் இருந்துதான் வரும். "படகுக் கணக்கு எழுதினேன் என்கிறீர்களே, ஒரு பயணத்துக்குப் பங்கு எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டால், எழுதியவள் ஐந்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசுவாள். எழுதாதவள் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவாள். செய்ததைச் சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள். குழுவாகச் செய்ததைக் குழுவாகச் செய்ததாகவே சொல்லி, அதில் உங்கள் பங்கு எது என்று காட்டுங்கள்.

எழுதி முடிச்சது சரியா இருக்காண்ணு நானே எப்பிடிப் பாக்க?

உங்கள் பெயரை மறைத்துவிட்டு, இதே கடிதத்தை உங்கள் வகுப்புத் தோழியும் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் உங்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அனுபவம் பற்றிய பதிலுக்குத் திரும்பிப் போங்கள். அடுத்து நிறுவனத்தின் பெயரை மறைத்துப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தினால் முதல் பத்தியைத் திருத்த வேண்டும். பிறகு சத்தமாக வாசியுங்கள். மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். முடிந்தால் அந்தத் துறையே தெரியாத ஒருவரிடம், வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ மதினியிடமோ படிக்கக் கொடுத்து, "நான் என்ன செஞ்சேன்ணு புரியுதா?" என்று மட்டும் கேளுங்கள்.

கைபேசி எண்ணையும் மெயில் முகவரியையும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பிவிடுங்கள். கடைசித் தேதி வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பல இடங்களில் விண்ணப்பம் வர வரவே ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.